ஜீயஸும் இந்திரனும் ஒருவரா? தெய்வக் கதைகள் ஒன்றுபோல இருப்பது எப்படி

நாள்காட்டியில் வியாழக்கிழமையைப் பாருங்கள். நமக்கு அது வியாழன் என்ற கோளின் நாள். அந்தக் கோளுக்கு உரியவர் தேவகுரு பிருகஸ்பதி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அது ‘ஜூடி’, ரோமானியர்களின் ஜூபிட்டருடைய நாள். ஆங்கிலத்தில் ‘தர்ஸ்டே’, வடஐரோப்பாவின் இடிக்கடவுளான தோருடைய நாள். ஜூபிட்டரைக் கிரேக்கர்களின் ஜீயஸோடு ஒன்றாக வைத்துப் பேசுவது ரோமானியர் வழக்கம். அப்படியானால் பிருகஸ்பதி, ஜூபிட்டர், தோர், ஜீயஸ் நால்வரும் ஒரே தெய்வமா?

கிரேக்கத் தெய்வங்களைப் பற்றி யாரிடமாவது பேசத் தொடங்கினால், கொஞ்ச நேரத்தில் இந்த மாதிரி ஒரு பேச்சு வந்துவிடும். “ஜீயஸ்தான் நம் இந்திரன்.” “எல்லா ஊரிலும் ஒரே கதைதான், பெயர்தான் வேறு.” இதற்கு நேர் எதிரான கட்சியும் உண்டு: “எல்லாம் தற்செயல், சும்மா முடிச்சுப் போடாதீர்கள்.” இரண்டுமே அவசரப் பேச்சு. எனக்குக் கிரேக்கத் தெய்வங்களில் ஹெர்மீஸை மிகவும் பிடிக்கும், டயோனிசஸையும் பிடிக்கும். பிடித்தவர்களைப் பற்றி யாராவது தப்பும் தவறுமாகச் சொன்னால் மனசு கேட்காது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவாக்கிவிடுவோம். தொன்மம் என்றால், உலகமும் தெய்வங்களும் சடங்குகளும் எப்படி வந்தன என்று ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. அது நடந்ததா இல்லையா என்ற தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் இல்லை.

வீட்டைச் சுற்றியே நான்கு உதாரணங்கள்

இரண்டு விஷயங்கள் ஒன்றுபோல இருக்கப் பல காரணங்கள் உண்டு. பெரியப்பா மகனுக்கும் சித்தப்பா மகனுக்கும் ஒரே மூக்கு. ஒருவர் மூக்கைப் பார்த்து இன்னொருவருக்கு வரவில்லை. இருவருக்கும் தாத்தாவிடமிருந்து வந்தது.

மிளகாய் வேறு கதை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியக் கப்பல்களோடு சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்புதான் இந்தியாவுக்கு வந்தது. இன்று அது இல்லாத தமிழ்ச் சமையலறை கிடையாது. ஆந்திராவிலும் மெக்சிகோவிலும் காரசாரமான சட்னி இருப்பதற்கு இரத்த உறவு காரணமில்லை, கைமாற்றம்தான் காரணம்.

கேரளத்து ஓட்டு வீடும் நார்வே நாட்டு மரவீடும் சரிவான கூரையோடு இருக்கின்றன. இங்கே மழை வழிய வேண்டும், அங்கே பனி வழிய வேண்டும். யாரும் யாரையும் பார்த்துக் கட்டவில்லை. ஒரே மாதிரித் தேவை ஒரே மாதிரி வடிவத்தைக் கொடுத்துவிட்டது.

நான்காவது, சீமைக்கருவேலம். வெளியிலிருந்து வந்த ஒரு முள்மரத்தைப் பார்த்தோம். நமக்குத் தெரிந்த கருவேலம் மாதிரி இருந்தது. ‘சீமை’ என்று ஒரு அடைமொழி சேர்த்துப் பெயர் வைத்துவிட்டோம். பெயரில் கருவேலம் இருக்கிறது, ஆனால் மரம் வேறு.

குடும்பம், கைமாற்றம், ஒரே தேவை, பெயர்ச்சூட்டல். தெய்வக் கதைகளுக்கு இடையில் ஒற்றுமை வருவதும் பெரும்பாலும் இந்த நான்கு வழிகளில்தான். ஒற்றுமையைப் பார்த்ததும் “இது எந்த வழியில் வந்தது?” என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெயரிலேயே இருக்கும் உறவு

குடும்ப வழியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1786 பிப்ரவரியில் கல்கத்தாவின் ஆசியக் கழகத்தில் வில்லியம் ஜோன்ஸ் ஒரு உரை நிகழ்த்தினார். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் இப்போது இல்லாமல் போயிருக்கக்கூடிய ஒரு பொது ஊற்றிலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்றார். அந்த ஊற்றுக்குப் பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர் முந்து இந்தோ-ஐரோப்பிய மொழி. எழுத்தில் அது எங்கும் கிடைக்கவில்லை. பிள்ளைகளின் முகத்தை ஒப்பிட்டுப் பார்த்து தாத்தாவின் முகத்தை வரைவதுபோல, கிளை மொழிகளை ஒப்பிட்டு அதைக் கட்டி எழுப்புகிறார்கள்.

இந்த வேலையை நம்பலாம் என்பதற்குக் காரணம் ஒலிமாற்ற விதி. ஒரு மொழி கிளைத்துப் பிரியும்போது ஒரு ஒலி மாறினால், சொல்லுக்குச் சொல் இஷ்டத்துக்கு மாறாது. ஒரே சூழலில் ஒரே விதமாக மாறும். சமஸ்கிருதத்தில் சொல்லின் தொடக்கத்தில் ‘ப’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஃப’ வருகிறது: பிதா – ஃபாதர், பாதம் – ஃபுட், பஞ்ச – ஃபைவ். ஒரு சொல்லில் மட்டும் பொருந்தினால் தற்செயல் எனலாம். வரிசையாகப் பொருந்தும்போது அப்படிச் சொல்ல முடியாது.

சரி, இப்போது ஜீயஸுக்கு வருவோம். ‘ஜீயஸுடைய’ என்று சொல்லப் பழைய கிரேக்கத்தில் ‘திவோஸ்’ என்பார்கள். வேற்றுமை உருபு ஏறியதும் உள்ளே ஒளிந்திருந்த ‘தி’ வெளியே வந்துவிடுகிறது. அவரைக் கூப்பிடும்போது ‘ஜெயு பாதெர்’, ஜீயஸ் தந்தையே என்பார்கள். லத்தீனில் ‘யூப்பிதெர்’, அதுதான் ஜூபிட்டர். ரிக்வேதத்தில் ‘த்யௌஸ் பிதா’, வானத் தந்தை. மூன்றும் ஒலிமாற்ற விதிப்படி ஒன்றோடொன்று ஒழுங்காகப் பொருந்துகின்றன. மூலமொழி பேசியவர்கள் ஒளிரும் பகல் வானத்தைத் தந்தையே என்று அழைத்திருக்கிறார்கள். அவர்களின் எழுத்தும் கோயிலும் நமக்குக் கிடைக்கவில்லை, கும்பிட்ட பெயர் கிடைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்னும் குறையவில்லை.

விடியல் தெய்வமும் இப்படித்தான்: வேதத்தில் உஷஸ், கிரேக்கத்தில் ஈயோஸ், லத்தீனில் அரோரா. இவையும் ஒரே பெயரின் கிளைகள்.

அதே விதிகள் ஆசை வார்த்தைகளைத் தடுக்கவும் செய்கின்றன. லத்தீனில் கடவுளுக்கு ‘தேயுஸ்’, கிரேக்கத்தில் ‘தெயோஸ்’. கேட்டால் இரட்டைப் பிள்ளைகள்போல இருக்கின்றன. ஆனால் லத்தீன் ‘தேயுஸ்’ மூச்சு சேராத மெல்லிய ‘த’வில் தொடங்குகிறது, கிரேக்கச் சொல் மூச்சோடு கூடிய ‘த’வில் தொடங்குகிறது. இந்த இரண்டு ஒலிகளும் இரு மொழிகளுக்கும் இடையில் ஒன்றுக்கொன்று ஈடாக வருவதில்லை. ‘தேயுஸ்’ நம் ‘தேவ’ என்ற வடசொல்லோடு உறவு. ‘தெயோஸ்’ வேறு வேரிலிருந்து வந்தது. இதேபோல, ஜீயஸின் தாத்தாவான ஊரானோஸும் வேதத்து வருணனும் ஒன்று என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் எழுதினார்கள். இன்று பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு குறிப்பு முக்கியம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை வேறொரு குடும்பம் என்பதை 1816-இல் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி எடுத்துக்காட்டினார். ஆகவே ஒரு தமிழ்த் தெய்வப் பெயரைக் கிரேக்கப் பெயரோடு ஒலியை மட்டும் வைத்து இந்தக் குடும்ப வழியில் இணைக்க முடியாது. வேறு வழிகளில் தொடர்பு இருக்கலாம், அதைத் தனியாகக் காட்ட வேண்டும்.

இதுவரை பார்த்ததைக் கொண்டு தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை சொல்லிவிடலாம். பெயரால் ஜீயஸுக்கு உறவினர் இந்திரன் அல்ல, த்யௌஸ். ஆனால் ரிக்வேதத்தில் த்யௌஸுக்கென்று தனியாக ஒரு பாடல்கூட இல்லை. பூமியோடு சேர்த்தே பாடப்படுகிறார். இடியும் வச்சிரமும் அரசும் இந்திரனிடம் போய்விட்டன. கிரேக்கத்தில் வானத் தந்தையே இடியையும் எடுத்துக்கொண்டார். ஒரே குடும்பச் சொத்து, பாகம் பிரிந்த விதம்தான் வேறு.

ஹிட்டைட் பலகையில் க்ரோனஸின் கதை

இரண்டாவது வழியான கைமாற்றத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் சொல் பரவல்: ஒரு கதை அது பிறந்த மக்களிடமிருந்து வேறொரு மக்களிடம் போய்ச் சேர்வது. இதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று ஜீயஸ் அரசனான கதைதான்.

கி.மு. 700 வாக்கில் ஹெசியட் என்ற கிரேக்கக் கவிஞர் அதைப் பாடினார். முதலில் ஆட்சி செய்தவன் ஊரானோஸ், வானம். அவன் மகன் க்ரோனஸ் அரிவாளால் தந்தையின் ஆண்குறியை அறுத்துவிட்டு அரசனாகிறான். தன் பிள்ளைகளும் தனக்கு அப்படியே செய்வார்கள் என்ற பயத்தில், பிறக்கப் பிறக்க அவர்களை விழுங்குகிறான். கடைசிப் பிள்ளை ஜீயஸுக்குப் பதிலாக ஒரு கல்லைத் துணியில் சுற்றித் தாய் கொடுக்கிறாள். அதை விழுங்குகிறான். ஜீயஸ் வளர்ந்து வந்து வெல்கிறார்.

1906-இல் இன்றைய துருக்கியின் நடுப்பகுதியில், ஹிட்டைட் பேரரசின் தலைநகரான ஹத்தூசாவில் அகழ்வாய்வு தொடங்கியது. ஆயிரக்கணக்கில் களிமண் பலகைகள் கிடைத்தன. அந்த மொழி இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 1915-இல் ஹ்ரோஸ்னி என்ற செக் அறிஞர் காட்டியபிறகு அவற்றைப் படிக்க வழி பிறந்தது. அவற்றில் ஒரு கதை: முதலில் அலாலு விண்ணுலகை ஆண்டான். அவனை விரட்டிவிட்டு அனு ஆண்டான்; அனு என்றாலே வானம். குமர்பி அனுவைத் துரத்திப் பிடித்து, அவன் ஆண்குறியைக் கடித்து விழுங்கிவிட்டான். விழுங்கியது வயிற்றில் கருவாகி, புயல் தெய்வம் குமர்பிக்குள்ளிருந்தே பிறந்து அரசனாகிறது. பலகை சிதைந்துபோன ஒரு பகுதியில் உண்ணக் கொடுக்கப்படும் கல்லும் வருகிறது. பலகைகள் எழுதப்பட்ட காலம் கி.மு. 14, 13-ஆம் நூற்றாண்டு. ஹெசியடுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது.

இதைக் குடும்ப ஒற்றுமை என்று சொல்லிவிடலாமே, ஹிட்டைட் மொழியும் அதே குடும்பம்தானே என்று தோன்றும். முடியாது. குமர்பி ஹிட்டைட் தெய்வமே அல்ல. வேறு மொழிக்குடும்பத்தவரான ஹுர்ரியர்களின் தெய்வம். அனு மெசபடோமியாவிலிருந்து வந்தவர். ஹிட்டைட்டுகளே கதையைக் கடன் வாங்கித்தான் எழுதியிருக்கிறார்கள்.

ஒரு கதை கைமாறியது என்று சொல்ல மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். எது முந்தியது? போக ஒரு பாதை இருந்ததா? தானாக எல்லோருக்கும் தோன்றிவிடாத விசித்திரமான விவரம் இரண்டிலும் இருக்கிறதா? இந்தக் கதை மூன்றிலும் தேறிவிடுகிறது. மகன் தந்தையை வெல்வது எங்கும் தோன்றக்கூடியது. வானத்தின் குறியை அறுப்பது, வயிற்றுக்குள் போகும் பிள்ளைகள், கல் என்று இத்தனையும் அதே வரிசையில் தற்செயலாக வராது. பாதையும் இருந்தது. ஹெசியடின் தந்தையே சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கியின்) கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர் என்று ஹெசியட் பாடுகிறார். கிரேக்கர்கள் தங்கள் எழுத்தையே பினீசியர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். எழுத்து வந்த கப்பலில் கதை வராமல் இருக்குமா?

காதல் தெய்வமான அஃப்ரோடைட்டி வந்த வழியும் இந்தத் திசைதான். ‘வானக அஃப்ரோடைட்டி’ என்று அவளை வணங்கிய கோயில்களில் மிகப் பழையது அன்றைய சிரியாவின் அஸ்கலோனில் இருந்தது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸே எழுதிவைத்திருக்கிறார். மெசபடோமியாவின் இஷ்தார், பினீசியாவின் அஸ்தார்த்தே ஆகியோரின் சாயல் அவளிடம் நிறைய. அவள் காதலன் அடோனிஸின் பெயர் ‘ஆண்டவன்’ என்று பொருள்படும் செமித்திய ‘அதோன்’.

வெள்ளக் கதையிலும் விசித்திர விவரம்தான் வழிகாட்டி. 1872-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஜார்ஜ் ஸ்மித் ஒரு மெசபடோமியக் களிமண் பலகையைப் படித்தார். அதில் உத்னபிஷ்திம் கப்பலிலிருந்து பறவைகளை அனுப்பிக் கரை தெரிகிறதா என்று பார்க்கிறான். பைபிளின் நோவாவும் அப்படியே செய்கிறார். அந்தப் பறவைகள் இரு கதைகளையும் கட்டிப்போடுகின்றன. சதபத பிராமணம் என்ற வேதகால நூலில் வரும் மனுவின் கதையில் பறவை இல்லை. கொம்புள்ள மீன் படகை இழுத்துப் போகிறது. பாகவத புராணம் அந்த மீனைக் கையில் ஏந்திய மன்னனை திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் என்கிறது. மீன் கிடைத்த கிருதமாலை ஆறு நம் வைகைதான் என்பது மரபு. கிரேக்க தியூகேலியன், வெள்ளம் வடிந்ததும் கற்களைத் தோளுக்குப் பின்னால் எறிகிறான், அவை மனிதர்களாகின்றன. ‘வெள்ளம்’ என்ற ஒரு தலைப்பு மட்டும் பொதுவாக இருந்தால் அது போதாத சான்று. ஆறும் கடலும் பொங்காத நாடு எது?

ஒரே வானம், ஒரே துக்கம்

மூன்றாவது வழிக்குத் தனித்தோற்றம் என்று பெயர் வைத்துக்கொள்வோம்: தொடர்பே இல்லாத இடங்களில் ஒரே மாதிரிக் கதை தானாகப் பிறப்பது.

கார்த்திகை விண்மீன் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கர்களுக்கு அவர்கள் அட்லஸின் ஏழு பெண்கள், ப்ளேயடிஸ். ஓரியன் என்ற வேடன் அவர்களைத் துரத்துகிறான். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் ஒருவன் துரத்தும் ஏழு சகோதரிகள்தான். சாதாரணக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் ஆறு. அதனால் ஒரு பெண் எங்கே போனாள் என்று கிரேக்கர்கள் காரணம் சொன்னார்கள்: மற்றவர்கள் தெய்வங்களைச் சேர, மெரோப்பி மட்டும் மனிதனை மணந்து வெட்கத்தில் ஒளிந்துகொண்டாள். சங்கப் பாடல்கள் அதே கூட்டத்தை அறுமீன் என்கின்றன; முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்கள் அறுவர். நெருக்கமாக ஒட்டி நிற்கும் சில விண்மீன்களைச் சகோதரிகளாகப் பார்ப்பதும், பக்கத்தில் நிற்கும் பெரிய உருவத்தை ஆணாகப் பார்ப்பதும் எந்த ஊர்க் கண்ணுக்கும் வரும்.

எனக்குப் பிடித்த ஹெர்மீஸுக்கு ஒரு தூரத்துத் தோழர் இருக்கிறார். ஹெர்மீஸ் விடியலில் பிறந்தார், நண்பகலில் ஆமை ஓட்டில் யாழ் செய்தார், அன்று மாலையே அண்ணன் அப்போலோவின் மாடுகளைத் திருடினார். தெய்வங்களுக்குத் தூதர். பாதையோரக் கற்குவியல்கள் அவருடையவை. சந்தை, வழிப்போக்கர், திருடர் எல்லோருக்கும் அவர்தான் காவல். இறந்தவர்களைக் கைப்பிடித்துப் பாதாளத்துக்குக் கூட்டிச் செல்பவரும் அவரே. குழந்தைக் குறும்பும் சாவின் சாந்தமும் ஒரே தெய்வத்திடம் இருப்பதுதான் எனக்கு அவரைப் பிடிக்கக் காரணம். மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா மக்களுக்கு எஷு. அவரும் தூதர். அவருக்கும் கல்தான் அடையாளம். அவரும் நாற்சந்தியிலும் சந்தையிலும் இருப்பவர், அவரும் குறும்புக்காரர். இருவரையும் இணைக்கும் பழைய பாதை எதுவும் காட்டப்படவில்லை. நாற்சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு ஏன் என்று புரியும். அங்கேதான் அந்நியர் வருவார், பேரம் நடக்கும், ஏமாற்றும் நடக்கும், வழியும் தவறும். இரண்டு உலகங்களுக்கு நடுவே போய்வரும் தெய்வத்தை மனிதர்கள் அங்கே நிறுத்தினார்கள்.

அப்புறம் துக்கம். கிரேக்கப் பாடகன் ஓர்ஃபியஸ் இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போகிறான். திரும்பிப் பார்க்கக்கூடாது என்ற கட்டளை. பார்த்துவிடுகிறான். இழந்துவிடுகிறான். கி.பி. 712-இல் தொகுக்கப்பட்ட ஜப்பானியத் தொன்மத்தில் இசனாகி தன் மனைவி இசனாமியைத் தேடி யோமி என்ற இருட்டுலகுக்குப் போகிறான். அவள் அங்கே உணவு உண்டுவிட்டாள். பார்க்காதே என்கிறாள். அவன் சீப்பின் பல்லை ஒடித்து விளக்கேற்றிப் பார்த்துவிடுகிறான், அழுகிய உடலை. வட அமெரிக்கப் பழங்குடிகளிடமும் இந்தக் கதை பல வடிவங்களில் உண்டு. அன்புக்குரியவர் உடல் எரிந்த பிறகும், புதைந்த பிறகும், இன்னும் ஒரு தடவை பார்த்துவிட மனசு துடிக்கும். பார்த்தால் அது அவரில்லை. அதைத்தான் இந்த எல்லாக் கதைகளும் சொல்கின்றன.

தனித்தோற்றத்தைக் கையாள்வதில் ஒரு ஆபத்து உண்டு. எதற்கும் பொருந்துகிற விளக்கம் எதையும் விளக்காது. 19-ஆம் நூற்றாண்டில் மாக்ஸ் முல்லர் என்ற வடமொழி அறிஞர் பெரும்பாலான தொன்மங்களைச் சூரியனின் உதய அத்தமனத்தைக் கொண்டே விளக்கினார். 1870-இல் லிட்டில்டேல் என்ற பாதிரியார் அதே முறையைப் பயன்படுத்தி, மாக்ஸ் முல்லர் என்று ஒரு ஆளே இல்லை, அவரும் ஒரு சூரியத் தொன்மம்தான் என்று எழுதிக் காட்டினார். முறையின் ஓட்டை அதில் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று வழிகளும் ஆயின. பெயர் ஒலிவிதிப்படி பொருந்தினால் குடும்பம். விசித்திர விவரமும் பாதையும் காலமும் கூடிவந்தால் பரவல். பொதுவான அனுபவம் மட்டும் இருந்தால் தனித்தோற்றம்.

பெயர் மாற்றி அழைப்பது

இனி சீமைக்கருவேலம். வெளியூர்த் தெய்வத்தைப் பார்த்ததும் தன் ஊர்ப் பெயரால் அழைப்பதைத் தெய்வ மொழிபெயர்ப்பு எனலாம். கிரேக்கர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். எகிப்துக்குப் போன ஹெரோடோட்டஸ் அமுனை ஜீயஸ் என்றார், ஓசிரிஸை டயோனிசஸ் என்றார், ஐசிஸை டிமீட்டர் என்றார்.

கி.மு. 300 வாக்கில் பாடலிபுத்திரத்துக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸும் அதையே செய்தார். இந்தியர்கள் கிரேக்க மாவீரன் ஹெராக்ளீஸை வணங்குகிறார்கள் என்று எழுதினார். அவர் நூல் தொலைந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் எடுத்தாண்ட பகுதிகள் இருக்கின்றன. அவற்றின்படி, ஹெராக்ளீஸுக்கு ஒரே மகள், பெயர் பண்டேயா. அவள் ஆண்ட நாட்டுக்கும் அதே பெயர். மகளை அலங்கரிக்க ஹெராக்ளீஸ் கடலிலிருந்து முத்துகளைத் திரட்டினானாம். முத்தும் பெயரும் சேர்ந்து வருவதால் இது பாண்டிய நாட்டைப் பற்றியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதை வைத்துக்கொண்டு “பாண்டியர்கள் கிரேக்க வம்சம்” என்று கிளம்பக்கூடாது. யாரோ சொன்ன ஒரு தெற்கத்திக் கதையைக் கேட்ட கிரேக்கர், தனக்குத் தெரிந்த பெயரை அதன்மேல் ஒட்டினார்.

வியாழக்கிழமைக்கும் இதுதான் விளக்கம். வானில் பூமியிலிருந்து தூரம் குறையும் வரிசையில் பழங்காலத்தார் கோள்களை அடுக்கினார்கள்: சனி, வியாழன், செவ்வாய், சூரியன், வெள்ளி, புதன், சந்திரன். ஒவ்வொரு மணிக்கும் வரிசையாக ஒரு கோள் அதிபதி. பஞ்சாங்கத்தில் நாம் பார்க்கும் ஹோரை இதுதான். அந்தச் சொல்லே ‘ஹோரா’ என்ற கிரேக்கச் சொல். முதல் மணி சனி என்றால் 24 மணி முடிந்து 25-ஆவது மணி சூரியனுக்கு வரும். எண்ணிப் பாருங்கள். சனிக்கு மறுநாள் ஞாயிறு ஆனது அப்படித்தான். இந்த ஏற்பாடு ரோமானிய உலகிலிருந்து மேற்கேயும் கிழக்கேயும் பரவியது. போன இடத்திலெல்லாம் மக்கள் கோளுக்குத் தங்கள் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள். ஜெர்மானியர்கள் ஜூபிட்டரின் நாளை இடி காரணமாகத் தோருக்குக் கொடுத்தார்கள். இந்தியர்கள் பிருகஸ்பதிக்குக் கொடுத்தார்கள், அவரோ இடி முழக்குபவரே அல்ல, மந்திரம் ஓதும் குரு. கோள் ஒன்று, தெய்வங்கள் வேறு வேறு.

ஒரு பாம்பும் பல இடிக்கடவுள்களும்

உண்மையில் கதைகள் ஒரே வழியில் மட்டும் வருவதில்லை. இடிக்கடவுள் பெரும்பாம்பைக் கொல்லும் கதை இதற்கு நல்ல சாட்சி.

ரிக்வேதம் இந்திரனைப் பற்றி ‘அஹன் அஹிம்’ என்கிறது: பாம்பைக் கொன்றான். ஈரானின் பழைய வேதநூலான அவெஸ்தாவிலும் அதே வேர்ச்சொற்களால் அதே தொடர் வருகிறது. கதையோடு சொற்றொடரே மரபாக வந்திருப்பதால் இது குடும்ப வழி.

ஜீயஸ் டைஃபோன் என்ற பாம்புடல் அரக்கனோடு போரிடும் கதையின் ஒரு வடிவத்தில், டைஃபோன் ஜீயஸின் தசைநார்களை அறுத்து ஒரு குகையில் ஒளித்துவைக்கிறான். ஹெர்மீஸ் போய் அவற்றைத் திருடிக்கொண்டு வந்து பொருத்திவிடுகிறார். (திருட்டுத் தெய்வம் திருடியே உலகைக் காப்பாற்றுகிறது!) ஹத்தூசாவின் பலகைகளிலோ, இல்லுயங்கா என்ற பாம்பு புயல் தெய்வத்தின் இதயத்தையும் கண்களையும் எடுத்துக்கொள்கிறது, பிறகு அவை தந்திரமாக மீட்கப்படுகின்றன. தெய்வத்தின் உடலுறுப்பைப் பாம்பு கொண்டுபோவது விசித்திர விவரம் இல்லையா? அதோடு, டைஃபோன் போரின் ஒரு களம் காசியோஸ் மலை. சிரியா, துருக்கி எல்லையில் கடலோரம் நிற்கும் அந்த மலை, ‘பால்’ (பைபிளில் பாகால்) என்ற பழைய கானானியப் புயல் தெய்வத்தின் வீடு. இது பரவல்.

ஜப்பானில் சுசானோவோ எட்டுத்தலைப் பாம்பை மதுவூட்டி வெட்டுகிறான். அதை இவற்றோடு சேர்க்க உறுதியான பாதை இல்லை. பெருக்கெடுத்து வளைந்து வரும் வெள்ளத்தைப் பாம்பாகப் பார்ப்பது எங்கும் நடக்கலாம்.

ஆக, ஜீயஸின் பாம்புச் சண்டையில் மூலக் குடும்பத்தின் பழைய தொடர், அண்டை நாட்டு விவரங்கள், பொதுவான மனித அச்சம் எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. வீட்டுக் குழம்பில் பாட்டியின் கைப்பக்குவமும் அமெரிக்க மிளகாயும் ஒன்றாக இருப்பதுபோல.

வெளியூர்க்காரர் என்று நினைத்த டயோனிசஸ்

இன்னொரு பிடித்த தெய்வத்தைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நிம்மதி இருக்காது. டயோனிசஸ் கொடிமுந்திரியின் தெய்வம். மது, முகமூடி, நாடகம் எல்லாம் அவருடையவை. ஏதென்ஸின் துன்பியல் நாடகங்கள் அவருடைய திருவிழாவில்தான் அரங்கேறின. கதைகளில் அவர் எப்போதும் வந்துகொண்டே இருக்கிறார்: கடல் வழியாக வருகிறார், ஆசியாவிலிருந்து வருகிறார். யூரிப்பிடிஸின் நாடகம் ஒன்றில் அந்நியர் வேடத்தில் தீப்ஸ் நகருக்கு வருகிறார். நகரத்தின் அரசன் அவரை ஏற்க மறுத்து அழிகிறான்.

இந்தக் கதைகளை நேராக நம்பி, டயோனிசஸ் கிரேக்கத்துக்குத் தாமதமாக வந்துசேர்ந்த வெளிநாட்டுத் தெய்வம் என்று அறிஞர்கள் நெடுநாள் எழுதினார்கள். கதை சொல்லும் வருகையை வரலாற்றில் நடந்த வருகையாக எடுத்துக்கொண்டார்கள்.

1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘நேர்கோட்டு பி’ என்ற பழைய எழுத்தைப் படித்துக் காட்டினார். அது கிரேக்க மொழியின் மிகப் பழைய எழுத்து வடிவம். ஹெசியடுக்கும் ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய அரண்மனைக் கணக்குகள் அதில் இருந்தன: ஆடு, எண்ணெய், தேர்ச்சக்கரம், தெய்வங்களுக்கான காணிக்கை. ஜீயஸின் பெயர் இருந்தது, ஹெர்மீஸின் பெயர் இருந்தது. பைலோஸ் அரண்மனைப் பலகைகளில் ‘தி-வோ-நு-ஸோ’ என்றும் இருந்தது.

அது தெய்வத்தின் பெயர்தானா, யாராவது மனிதரின் பெயரா என்று கொஞ்ச காலம் சந்தேகப்பட்டார்கள். பிறகு கிரீட் தீவின் கனியா நகரில் இன்னொரு பலகை கிடைத்தது. கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கணக்குப்பிள்ளை ஈரக் களிமண்ணில் கீறிவைத்த இரண்டு வரி. முதல் வரி ஜீயஸுக்குத் தேன். அடுத்த வரி டயோனிசஸுக்குத் தேன்.